மூன்றாம் ஆண்டுக்கென ஒரு பங்கு

பேரிடர் நேரும்போதெல்லாம் பொருளும் பணமும் திரட்டி அனுப்பும் ஊர்ச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், வழிபாட்டிடக் குழுக்கள், தொழிலாளர் அமைப்புகள், தனி நன்கொடையாளர்கள் ஆகிய அனைவருக்கும்,

ஒரு பேரிடருக்குப் பின் பாதிக்கப்பட்ட ஊருக்கு வெளியிலிருந்து வரும் உதவியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் அவ்வூர் மக்கள் மீண்டும் காலூன்றுவதற்கு ஆகும் செலவில் பெரும்பகுதி அதற்குப் பிந்திய இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில்தான் எழுகிறது. கொடுப்போரின் காலக்கணக்கும் பெறுவோரின் காலக்கணக்கும் இவ்வாறு பொருந்தாமல் போவதைத் தங்கள் முன் வைத்து, திரட்டப்படும் நிதியில் கணிசமான ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே பிற்காலத்துக்கென ஒதுக்குமாறு வேண்டிக்கொள்வதே இம்மடலின் நோக்கம். தங்கள் ஈகையைக் குறை கூறும் எண்ணம் இதில் இல்லை. அரசின் கை எட்டுமுன்பே சோற்றுப் பொட்டலத்துடன் போய் நிற்பவர்கள் பல இடங்களில் தாங்கள்தாம் என்பதும், அந்த முதல் வாரச் சோறு இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதும் மறுக்க முடியாதவை. அந்தச் சோற்றுக்குப் பிறகு என்ன என்பதே கேள்வி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலையடிவாரத்துப் பைன் காடுகளுக்கிடையே அமைந்த பாரடைஸ் என்னும் சிற்றூர் பட்ட பாடு இக்கேள்விக்கு விரிவான விடையைத் தருகிறது. 2018 நவம்பர் 8 அன்று காலையில், ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடைய மின்கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோயிருந்த இரும்புக் கொக்கி அறுந்ததால் பற்றிய தீ, வறண்ட கடுங்காற்றின் வேகத்தில் சில மணி நேரத்துக்குள் ஊரையே சூழ்ந்தது. 85 பேர் உயிரிழந்தனர், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியோர்; குறைந்த விலையில் வீடு கிடைக்கும் என்பதால் பணி ஓய்வுக்குப் பின் பலர் அங்குக் குடியேறியிருந்தனர். தீக்கு முன் சுமார் 26,000 பேர் வாழ்ந்த அவ்வூரில், 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 5,000க்கும் குறைவானவர்களே எஞ்சியிருந்தனர். செல்வம் மிகுந்த ஒரு நாட்டில், உலகெங்கும் இருந்து இரக்கமும் பணமும் வந்து குவிந்த பின்னும் ஓர் ஊர் இப்படி ஆளின்றிக் கிடந்ததற்கு மக்களின் சோர்வோ விருப்பமின்மையோ காரணம் என்று கருதுவது தவறு. எரிந்த நிலத்தில் ஒருவர் முதல் செங்கல்லை வைப்பதற்கு முன் கடக்க வேண்டிய படிகள் அத்தனை இருந்தன.

முதலாவது படி இடிபாடு அகற்றல். நவீன வீடு எரிந்தால் எஞ்சும் சாம்பலில் கல்நார், ஈயம், ஆர்செனிக் போன்ற நச்சுகள் கலந்திருப்பதால், மேல்மண்ணையும் சேர்த்துச் சுரண்டி எடுத்து, அடியில் உள்ள மண்ணைச் சோதித்து, தூய்மை என்று சான்று பெற்ற பிறகே அந்த மனையில் கட்ட அனுமதி கிடைக்கும். ஊர் முழுவதற்கும் இப்பணி முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அடுத்து வந்தது பலரும் எதிர்பாராத இடர். வீடுகள் எரிந்து குழாய்கள் திறந்துகொண்டபோது குடிநீர்க் குழாய்களில் அழுத்தம் குறைந்து, புகையும் உருகிய பிளாஸ்டிக்கின் கழிவும் உள்ளே உறிஞ்சப்பட்டன. அதன் விளைவாக, பெட்ரோலிலும் பிளாஸ்டிக் புகையிலும் காணப்படுவதும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதுமான பென்சீன் என்னும் வேதிப்பொருள் குடிநீரில் கண்டறியப்பட்டது. பிளாஸ்டிக் குழாய் இந்தப் பொருளைத் தன்னுள் ஈர்த்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நீரில் விடுவதால், ஒருமுறை கழுவிவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கலாக அது இல்லை. ஒவ்வொரு மனைக்கும் செல்லும் இணைப்பைத் தனித்தனியே சோதித்து, வேண்டிய இடத்தில் மாற்றியாக வேண்டியிருந்தது. தீயிலிருந்து தப்பி நின்ற வீட்டின் சொந்தக்காரரும் குழாயைத் திறந்து குடிக்க முடியாமல் புட்டித் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்.

இதற்கிடையில் காப்பீட்டுக் கணக்கு வேறு. காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோருவோர், வீட்டுக்குள் இருந்த பொருள்களை அறைவாரியாக, வாங்கிய ஆண்டும் விலையும் குறித்து எழுதித் தர வேண்டிய நிலை பொதுவாக உண்டு. அன்புக்குரியவரை இழந்த ஒருவர் தம் சமையலறையின் கரண்டிகளை நினைவிலிருந்து எண்ணி எழுதும் துன்பத்தை வெளியிலிருப்போர் எளிதில் உணர்வதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கட்டத் தொடங்கும்போது கூலியும் மரவிலையும் ஏறிவிடுவதால், போதும் என்று எண்ணி எடுத்திருந்த காப்பீட்டுத் தொகையும் பாதி வழியில் தீர்ந்துபோகிறது. தீக்குக் காரணமான மின் நிறுவனம் 2020ஆம் ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டோருக்காக 1,350 கோடி டாலர் மதிப்புள்ள அறக்கட்டளை நிதி ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் அதில் பாதி அந்த நிறுவனத்தின் பங்குகளாகவே தரப்பட்டதால், பங்குச் சந்தையின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்துப் பல ஆண்டுகளில் தவணை தவணையாகவே மக்கள் கைக்குப் பணம் வந்தது.

இப்படிகளையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் வெளிப்படுவது ஒன்று. பாரடைஸ் வாசி ஒருவருக்கு வீடு கட்டும் பணம் மிகத் தேவையாக இருந்த நாள் தீப்பிடித்த நாளுக்கு அடுத்த வாரத்தில் இல்லை. மண் தூய்மையாகி, நீர் தூய்மையாகி, காப்பீட்டுத் தொகை முடிவாகி, வரைபடத்துக்கு அனுமதி கிடைத்து, கட்டுமானச் செலவில் எவ்வளவு குறைகிறது என்று தெரியவந்த நாளே அது. அந்த நாள் வந்தபோது செய்தியாளர்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த இடைவெளியில் சென்று நின்றவை மிகச் சில அமைப்புகளே. அவற்றுள் ஒன்றான மென்னனைட் பேரிடர்ச் சேவை என்னும் கிறித்தவத் தொண்டு அமைப்பு, பேரிடர் நேர்ந்து ஓரிரு ஆண்டுகள் கழிந்த பிறகு தச்சரும் கொத்தரும் அடங்கிய தன்னார்வலர்களை அனுப்பி, கூலிச் செலவின்றி வீடு கட்டிக்கொடுப்பதைத் தன் வழக்கமாகவே கொண்டுள்ளது. தாமதமாக வருவதையே ஒரு தொண்டு முறையாக்கிய இந்த அணுகுமுறை மற்ற அமைப்புகளின் கவனத்துக்கு உரியது.

முதல் வாரத்தில் குவியும் பொருள் பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை, சில வேளைகளில் சுமையாகவும் மாறுகிறது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பின், நாடெங்கிலும் இருந்து வந்த துணிமணிகளும் வீட்டுப் பொருள்களும் 40,000க்கும் மேற்பட்ட சரக்குத் தட்டுகள் அளவுக்குச் சேர்ந்தன; அவற்றைப் பிரித்து, அடுக்கி, கிடங்கில் வைத்துக் காப்பதற்கே பெரும்பணமும் ஆள்பலமும் செலவாயின. தமிழ்நாட்டுக்கு இது புதிய செய்தியன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளின் ஓரம் மலைபோல் குவிந்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கிய பழந்துணிகளைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடலை நம்பித் தம் உழைப்பில் நிமிர்ந்து வாழ்ந்த மீனவர்கள், பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தொட மறுத்ததில் இருந்தது செருக்கு அன்று, தன்மானமே.

பொருளுக்கு மாறாகப் பணமாகவே கொடுப்பது எப்போதும் மேலானது. பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் தங்களில் சிலருக்கு இருப்பது இயல்பு; ஆனால் நேற்றுவரை சம்பாதித்துக் குடும்பம் நடத்திய ஒருவருக்குத் தீயோ அலையோ வந்ததால் மட்டும் குடும்பம் நடத்தும் அறிவு போய்விடுவதில்லை. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மாவி தீவில் லஹைனா நகரம் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயும் நடிகர் டுவைன் ஜான்சனும் தொடங்கிய நிதியம் வீடிழந்த வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 1,200 டாலர் வீதம் சில மாதங்களுக்கு நேரடியாகக் கொடுத்தது. எதற்குச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வாடகை கொடுக்க வேண்டியவர் வாடகை கொடுத்தார், மருந்து வாங்க வேண்டியவர் மருந்து வாங்கினார்.

லஹைனாவில் இன்னொரு வகைத் தேவையும் வெளிப்பட்டது. சாம்பல் ஆறுமுன்பே நிலத்தை விலைபேசி வெளியார் வரத் தொடங்கியதால், கேட்காமல் வந்து நிலத்துக்கு விலை சொல்வதை அந்தப் பகுதிகளில் தடைசெய்யும் அவசர ஆணையை மாநில ஆளுநர் பிறப்பிக்க நேர்ந்தது. ஆணை சிறிது காலம் காக்கும். வாடகைக்கும் கடனுக்கும் இடையே நசுங்கும் குடும்பம் இரண்டாம் ஆண்டில் தானே முன்வந்து விற்கும் நிலைக்குத் தள்ளப்படுவதை எந்த ஆணையாலும் தடுக்க முடியாது. அதனால்தான் ஊர்மக்களே சேர்ந்து சமூக நில அறக்கட்டளை ஒன்றை அமைத்தனர். விற்றே ஆக வேண்டியவரிடமிருந்து நிலத்தை வாங்கி, அதை என்றென்றைக்கும் ஊரார் கைவிட்டுப் போகாமல் பொதுவில் வைத்து, உள்ளூர்க் குடும்பங்கள் வாழ வழிசெய்யும் அமைப்பே இது. இத்தகைய அமைப்புக்கு முதல் வாரத்தில் வரும் போர்வை எவ்விதத்திலும் பயன்படாது.  

காலம் பற்றிய வேண்டுகோளோடு, தீர்மானிப்பவர் யார் என்பதும் பிரிக்க முடியாதபடி இணைந்துள்ளது. அவசரமாகச் செலவிட வேண்டிய பணம் கொடுப்பவரின் விருப்பப்படியே செலவாகிறது; பொறுத்திருக்கும் பணம்தான் பெறுபவரின் விருப்பத்தைக் கேட்க முடியும். நாகப்பட்டினத்தில் நேர்ந்தவை இதற்குச் சான்று. தமிழ்நாட்டில் ஆழிப்பேரலைக்குப் பலியான சுமார் 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் அந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் உதவியும் அங்கேயே குவிந்தது. விரைந்து எழுப்பப்பட்ட தற்காலிகக் குடியிருப்புகளின் தார் அட்டைச் சுவர்களும் கூரைகளும் கோடையில் உள்ளே இருக்க முடியாதபடி கொதித்தன. மழையில் அந்த இடங்களில் நீர் தேங்கியது. படகு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் உதவி என்பதால் நிறுவனங்கள் போட்டியிட்டு ஃபைபர் படகுகளை வழங்கின. அலைக்கு முன் இருந்ததைவிட அதிகமான படகுகள் கரையில் நின்றன, கட்டுமரங்கள் மறைந்தன, கடலில் மீன் மட்டும் கூடவில்லை. ஒப்பந்தக்காரர்கள் வழியே வீடு கட்டிய பல இடங்களில், வெட்டவெளியான மனை வேண்டும் என்பதற்காகத் தப்பிப் பிழைத்த வீடுகளும் இடிக்கப்பட்டன, நிழல் தந்த மரங்களும் வெட்டப்பட்டன. வலை பின்னவும் கருவாடு காயவைக்கவும் பெண்கள் கூடிப் பேசவும் இடமாக இருந்த திண்ணையும் முற்றமும் இல்லாத ஒரே அச்சுக் கான்கிரீட் வீடுகள் வரிசையாக எழுந்தன. இவற்றில் எதுவும் தீய எண்ணத்தால் நிகழ்ந்ததில்லை. நிதியாண்டு முடிவதற்குள் கணக்குக் காட்ட வேண்டும், நன்கொடையாளருக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடியே ஊராரைக் கேட்கும் நேரத்தை விழுங்கியது.

அதே நாகப்பட்டினத்தில் நல்ல முன்மாதிரியும் உண்டு. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா என்னும் உள்ளூர்ப் பெண்கள் அமைப்பும் மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து, 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. எந்தக் கிராமத்துக்கு என்ன வந்துவிட்டது, எது வரவில்லை என்று பதிந்து, வந்திறங்கும் நிறுவனங்களை விடுபட்ட இடங்களுக்குத் திருப்பியனுப்பிய அந்த மையத்தின் மேசையும் பதிவேடும், பல லாரிச் சரக்கைவிடப் பெரிய உதவி. குஜராத்தில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின் கையாளப்பட்ட உரிமையாளர் வழி மீள்கட்டுமானம் என்னும் முறையையும் இங்கு நினைவுகூரலாம். வீட்டை நிறுவனம் கட்டித்தருவதற்கு மாறாக, உரிமையாளரின் வங்கிக் கணக்கில் தவணைகளாகப் பணம் செலுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டப்படுகிறதா என்று பார்த்துச் சான்றளித்த பிறகு அடுத்த தவணையை விடுவிப்பதே அம்முறை. கட்ச் பகுதியில் பெரும்பாலான குடும்பங்கள் இவ்வாறு தம் வீட்டைத் தாமே கட்டிக்கொண்டன. சேது எனப்பட்ட தகவல் மையங்கள் கிராமத்துக்கும் அரசுக்கும் இடையே நின்று விண்ணப்பங்களையும் குறைகளையும் எடுத்துச் சென்றன.

ஊராரைக் கேட்பது என்று சொல்லும்போது ஊரில் யாரை என்ற கேள்வியும் எழுகிறது. ஜப்பான், இந்தியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பேரிடருக்குப் பிந்திய மீட்சியை ஆராய்ந்த அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச், ஒருவரோடொருவர் கொண்ட நம்பிக்கையும் தொடர்பும் ஆகிய சமூக மூலதனமே மீட்சியின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டினார். தமிழ்நாட்டுக் கடற்கரையைப் பற்றி அவர் கண்டது இருமுனை உடையது: வலுவான ஊர்ப் பஞ்சாயத்தும் வெளித்தொடர்பும் உள்ள மீனவக் கிராமங்கள் உதவியை விரைந்து பெற்றன, அதே கட்டமைப்பின் பட்டியலில் இடம்பெறாத தலித் மக்களும் பெண்களும் சிறுபான்மையினரும் பின்தங்கினர். வயலில் உப்புநீர் புகுந்ததால் வேலையிழந்த கூலியாளுக்குப் படகும் இல்லை, பட்டாவும் இல்லை. காட்டுத்தீ ஊர்களில் இவருடைய இடத்தில் இருப்பவர்கள் வாடகை வீட்டுக்காரர், நகரும் வீட்டில் குடியிருந்த முதியவர், ஆவணமற்ற குடியேறி ஆகியோர். கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் 2017 தீக்குப் பின், கூட்டரசின் நேரடிப் பண உதவிக்குத் தகுதியற்ற ஆவணமற்ற தொழிலாளர்களுக்கென்றே தனி நிதியம் ஒன்றை உள்ளூர் அமைப்புகள் தொடங்கின. அரசு செல்ல முடியாத இடம் இதுவே. தங்கள் பணம் முதலில் செல்ல வேண்டிய இடமும் இதுவே.

வீடு கட்டி முடித்தால் மீட்சி முடிந்துவிட்டது என்று எண்ணுவதற்கு எதிரான சான்றுகளும் வலுவானவை. விக்டோரியாத் தீயால் பாதிக்கப்பட்ட ஊர்களை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா கிப்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் பத்தாண்டுகள் வரை பின்தொடர்ந்தனர். பெரும்பாலோர் மெல்லத் தேறினர் என்பதும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் பத்தாம் ஆண்டிலும் மனத்துயர் பொது அளவைவிட மிகுதியாகவே இருந்தது என்பதும் அவர்கள் கண்டவை. தீயின் பாதிப்பு மிகுந்த பகுதிப் பள்ளிகளின் சிறுவர்களிடம், வாசிப்பிலும் கணக்கிலும் எதிர்பார்க்கப்படும் வளர்ச்சி சில ஆண்டுகள் கழித்துக் குறைந்து காணப்பட்டதும் அவ்வாய்வில் வெளியாயிற்று. தீயின்போது அச்சிறுவர்கள் பள்ளியில் அடியெடுத்து வைக்கும் பருவத்தினர். அவர்களுக்கு ஏதோ குறைகிறது என்று தெரியவந்தபோது உதவித் திட்டங்கள் பலவும் மூடப்பட்டிருந்தன. உள்ளூர்க் குழுக்களில் சேர்ந்திருந்தவர்களின் மனநலம் மேம்பட்டிருந்ததும் கண்டறியப்பட்டது. ஆகவே ஒரு விளையாட்டுக் கழகத்தின் கூரைக்கோ மாதர் மன்றத்தின் வாடகைக்கோ நான்காம் ஆண்டில் தரப்படும் சிறுதொகை, மருத்துவச் செலவுக்கு நிகரான செலவே ஆகும்.

இத்தகைய பிணைப்பு அறுந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின், குலுக்கல் முறையில் தற்காலிக வீடுகள் ஒதுக்கப்பட்டதால் அண்டைவீட்டார் சிதறி, முதியோர் பலர் யாரும் அறியாமல் தனிமையில் இறந்தனர். அதிலிருந்து கற்று, 2004இல் நீகாட்டாப் பகுதி நிலநடுக்கத்தின்போது யமகோஷி ஊர் மக்களைக் குடியிருப்பு குடியிருப்பாகச் சேர்த்தே தங்கவைத்தனர். கூடுதல் செலவு அதிகமில்லாத மாற்றம்தான். அண்டைவீட்டார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை மட்டுமே அதற்கு வேண்டியிருந்தது.

எனவே தங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது. திரட்டும் நிதியில் மூன்றில் ஒரு பங்கையேனும் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு செலவிடுவதற்கென ஒதுக்கி, அந்த முடிவை நிதி திரட்டும் முதல் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும். முன்கூட்டி அறிவிப்பது இன்றியமையாதது. 2019–20 கோடையில் ஆஸ்திரேலியா எரிந்தபோது, செஞ்சிலுவைச் சங்கம் நன்கொடையின் ஒரு பகுதியை நீண்டகாலத் தேவைக்கு வைத்திருந்ததைப் பணத்தைப் பதுக்குவதாகக் கருதிப் பலர் கண்டித்தனர். கொடுத்த பணம் உடனே போய்ச் சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பவரிடம் கோபப்படுவதற்கு ஒன்றுமில்லை; காலக்கணக்கு அவருக்கு விளக்கப்படவில்லை. ஒதுக்கிய பங்கு தனிக் கணக்கில் இருக்கட்டும், எவ்வளவு இருக்கிறது என்பது ஆண்டுதோறும் வெளியிடப்படட்டும்.

அப்பங்கிலிருந்து முதலில் செலவிட வேண்டியது மனிதருக்கான ஊதியம். அமெரிக்க ஊர்களில், தொண்டு நிறுவனங்களும் வழிபாட்டிடங்களும் ஊர்ப் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, அரசு உதவியும் காப்பீடும் போக ஒவ்வொரு குடும்பத்துக்கும் எஞ்சும் குறையை எடுத்துப் பேசித் தீர்க்கும் நீண்டகால மீட்சிக் குழுக்கள் என்னும் ஏற்பாடு உண்டு. அந்த மேசைக்கு ஒரு குடும்பத்தின் கோப்பைக் கொண்டுவந்து சேர்ப்பவர், விண்ணப்பம் நிரப்பி, நிராகரிப்புக்கு மேல்முறையீடு எழுதி, மாதக்கணக்கில் அக்குடும்பத்தோடு நடக்கும் ஒரு பணியாளர். அவருக்குத் தரும் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று தள்ளிவைக்கும் வழக்கம் நன்கொடையாளரிடையே வேரூன்றியிருக்கிறது. அதை விட்டுவிடுமாறு இம்மடல் அழுத்தமாகவே வேண்டுகிறது. அப்பணியாளர் இல்லாவிட்டால் கோடிக்கணக்கான அரசுப் பணமும் விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்கே போய்ச் சேரும்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பற்றிய இரு தீகளில் பாலிசேட்ஸ், அல்ட்டடீனா என்னும் குடியிருப்புப் பகுதிகள் எரிந்தன. இரு தீயிலும் சேர்ந்து 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிற இடங்களில் வீடு வாங்க விடாமல் ஒதுக்கப்பட்ட காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் வாங்கித் தலைமுறைகளாகக் காத்த வீடுகள் அல்ட்டடீனாவில் இருந்தன. அந்த மனைகளை விற்காமல் வைத்திருப்பதே அங்குள்ள பலரின் போராட்டம். அவர்களுக்கான மூன்றாம் ஆண்டு 2027 ஜனவரியில் தொடங்குகிறது. 2025இல் பொருள் அனுப்பிய அமைப்புகள் தம் கணக்கில் எஞ்சியிருப்பதை அந்த ஆண்டுக்கென எழுதிவைக்கலாம். அப்போது எதுவும் அனுப்ப இயலாதுபோன அமைப்புகளும் இப்போது திரட்டத் தொடங்கலாம்.